எங்க ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம்: 5க்கு 2

கோத்தகிரிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. சூடான டீயும் வர்க்கியும் கொடுத்தாங்க, அதுக்கே ஒரு மார்க். ஆனா மூணு மணிக்குக் கூட்டம்னா கொழுந்து பறிக்கிற எங்களுக்கு அரைநாள் கூலி போச்சு. எதைப் பத்திப் பேசப் போறோம்னு முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. போனதுமே தீர்மானப் பதிவேட்டை நீட்டி, "இங்க கையெழுத்துப் போடுங்கக்கா"ன்னாங்க. மேலே பக்கம் வெறுமையா கிடக்கு! "முதல்ல எழுதுங்க சார், அப்புறம் போடுறேன்"னு சொல்லிட்டேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்கணும். இருந்தோம், பேசினது என்னவோ ஒரே ஆள்தான். கழிப்பறையில் தண்ணி வரலைன்னு நான் சொன்னதைத் தலைமையாசிரியர் பச்சை மையில் எழுதி, வாசிச்சும் காட்டினார். அதுக்கு இன்னொரு மார்க். அடுத்த தடவை அஞ்சு மணிக்கு மேல வைங்க, கூட்டித் தர்றேன்.