தினமும் போட எந்த கில்ட்: கம்பளியா, காட்டனா?

கல்யாணத்துக்கு மட்டுமல்ல, வேலைக்கும் கடைக்கும் கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும், மடிப்பு வைத்த பாவாடை மாதிரி உடை) போட்டுப் போகலாம் என்று முடிவெடுத்தவர்கள் அடுத்து தடுமாறும் இடம் இதுதான். ஸ்காட்லாந்தின் பழைய டார்ட்டன் (கட்டம் போட்ட துணி) கம்பளி கில்ட்டா, பக்கத்தில் பை வைத்த காட்டன் யூட்டிலிட்டி கில்ட்டா?

விலை
கம்பளி: 8 கஜம், அதாவது 7.3 மீட்டர் துணி, கைத்தையல். சில நூறு பவுண்டு ஆகும்.
காட்டன்: பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

துவைப்பது
கம்பளி: டிரை கிளீனிங்தான். ஆனால் அடிக்கடி தேவைப்படாது, காற்றாட மாட்டினாலே போதும்.
காட்டன்: மெஷினில் போடலாம், மடிப்புகளைத் தேய்க்கத்தான் பொறுமை வேண்டும்.

பை
கம்பளி: கிடையாது, முன்னால் ஸ்போரன் என்ற சிறு பையைத் தொங்கவிட வேண்டும்.
காட்டன்: போன், சாவி எல்லாம் அடங்கும்.

காற்றைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், நியாயமான பயம். எடின்பரோ தெருவில் அடிக்கும் காற்றுக்கு கஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளியின் பின்மடிப்புகள் ஆடினாலும் தன் கனத்தாலேயே திரும்ப விழுந்துவிடும், மெல்லிய காட்டன் அப்படியே தூக்கிக்கொள்ளும். உட்காரும்போது மட்டும் இரண்டுக்கும் ஒரே பழக்கம்: பின்மடிப்புகளைக் கையால் வழித்துவிட்டு உட்கார வேண்டும். அப்புறம், கம்பளியில் தோல் வாரும் பக்கிளும் இருப்பதால் இடுப்பு கொஞ்சம் பெருத்தாலும் தளர்த்திக்கொள்ளலாம், அதனால்தான் நல்ல கில்ட் பல வருடம் கூடவே வருகிறது.

பட்டறை, தோட்டம், வெயில் காலம் என்றால் காட்டன் வாங்குங்கள். குளிர் ஊரில் ஆபீசுக்கும் விசேஷத்துக்கும் ஒன்றே போதும் என்றால் காசு சேர்த்துக் கம்பளியே வாங்குங்கள், 13 அவுன்ஸ் துணி தினசரிக்கு சரியாக இருக்கும்.