குக்கர் வெடித்துக் கை வெந்தால் யாரிடம் போவது?

புதிதாக வாங்கிய பிரஷர் குக்கரின் மூடி பறந்து ஒருவருக்குக் கை வெந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, உள்ளூர்ச் சட்டத்தரணி, கொழும்புச் சட்டத்தரணி, சட்ட உதவி ஆணைக்குழு. அவற்றைக் கட்டணத்தால் அல்ல, காலக்கெடுவால் அளந்து பார்ப்பதே சரி என்பது என் கருத்து.

சட்டத்தரணியே இல்லாமல் போகக்கூடிய வழி, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. பொருளை மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், நட்டஈடு வழங்கவும் அது கட்டளையிடலாம். ஆனால் பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். காயம்பட்ட நாளிலிருந்து அல்ல. ஐந்தாம் மாதம் வெடித்த குக்கருக்கு இந்தக் கதவு ஏற்கெனவே மூடியாயிற்று.

மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கும் நட்டஈட்டு வழக்குக்கு, 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இரண்டு ஆண்டுகள் தருகிறது. இங்கே, இலங்கையின் பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டப்படி, எதிராளியின் கவனயீனத்தை வழக்காளியே நிரூபிக்க வேண்டும். பொருள் பழுதானது என்று மட்டும் காட்டினால் போதாது. ஆகவே சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எத்தனை வழக்கு வென்றீர்கள்” என்பதல்ல, “குக்கரை யாரைக் கொண்டு பரிசோதிப்பீர்கள்” என்பதே. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியற்பீடம் இருக்கையில், நிபுணர் சாட்சிக்குக் கொழும்பில் மட்டும் தேட வேண்டிய கட்டாயமில்லை.

கம்பனி கொழும்பில் இருப்பதால் கொழும்புச் சட்டத்தரணியே வேண்டும் என்று நினைப்பவர் பலர். சம்பவம் யாழ்ப்பாணத்தில் நடந்திருந்தால் வழக்கையும் இங்கேயே தொடுக்கலாம். வடக்கில் நீதிமன்ற மொழியும் தமிழ்தான். வழக்கு எடுக்கப்படும் ஒவ்வொரு தவணைக்கும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணச் செலவைத் தலையில் ஏற்றிக்கொள்வதைவிட, உள்ளூரில் குடியியல் வழக்குகளையே அதிகம் நடத்துபவரிடம் பிரொக்சி (நமக்காக வழக்கை நடத்த எழுத்தில் தரும் அதிகாரம்) கொடுத்து, வாதத்துக்கு மட்டும் தேவையானால் மூத்தவர் ஒருவரை அமர்த்துவது சிக்கனம். வழக்கைத் தயாரிக்கும் பிரக்கிராசியும் மன்றில் வாதாடும் அப்புக்காத்தும் வெவ்வேறாக இருந்த காலத்தின் அதே பங்கீடு, இன்று சட்டத்தரணி என்ற ஒரே பெயரின் கீழ் நடக்கிறது.

சட்ட உதவி ஆணைக்குழு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. வருமானம் குறைந்தவருக்கு அதுவே வாசல். ஆனால் அங்கே தாபரிப்பு (பராமரிப்புப் பணம்), விவாகரத்து போன்ற வழக்குகளே அதிகம் என்பதால், பழுதுபட்ட பொருள் பற்றிய வழக்கை நடத்திய அனுபவமுள்ளவர் கிடைப்பாரா என்று நேரில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எவரிடம் போனாலும் வெடித்த குக்கரைக் கழுவாமல், திருத்தாமல், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருங்கள். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, வைத்தியசாலைப் பத்திரங்கள், காயத்தின் படங்கள் ஆகியவற்றுடன் முதற் சந்திப்புக்குப் போங்கள். கட்டணத்தைத் தவணைக்கு இவ்வளவு, நிபுணருக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதித் தர மறுப்பவரிடம் பிரொக்சியில் கையொப்பமிட வேண்டாம்.