பெயின்ட் படாத கீழ் விளிம்பு: தேக்கு ஜன்னல் கதவுகளோடு எட்டு ஆண்டுகள்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், நீடாமங்கலத்துக்கு அருகே தம் பூர்வீக மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். ஜன்னல்களுக்கு மரக் கதவு போடலாமா, யுபிவிசி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் போடலாமா என்று போன வாரம் என்னிடம் கேட்டார். மன்னார்குடியில் எங்கள் வீட்டுக்கு 2017 தை மாதத்தில் குடிபுகுந்தோம். கீழ்த்தளம் முழுவதும் மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு தேக்குக் கதவுகள் கொண்ட ஜன்னல்கள், மாடியில் யுபிவிசி ஸ்லைடிங் ஜன்னல்கள். இரண்டையும் எட்டு மழைக்காலம் பார்த்துவிட்டதால், அவருக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னை வாட்டிய கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வடகிழக்கு அறையின் ஜன்னலில், வலப்புறக் கீழ்க் கதவு ஒவ்வோர் ஐப்பசியிலும் ஊதிப்போய், தோளைக் கொடுத்துத் தள்ளினாலொழிய மூடாது, மூடினால் திறக்காது. மூன்று மழைக்காலங்களில் ஆசாரியை வரவழைத்து, இடிக்கிற இடத்தை இழைப்புளியால் இழைத்தோம். அன்றைக்குச் சரியாகிவிடும், ஆனால் பங்குனி வெயிலில் மரம் காய்ந்து ஒடுங்கியதும், இரண்டு கதவுகளும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். அதன் வழியாகக் கொசு வந்தது, தெருப்புழுதி வந்தது, ஐப்பசியில் மறுபடியும் அதே கதவு இடித்தது. தேக்கு என்று நம்பிப் பணத்தைக் கொட்டியதற்கு இதுதானா பலன் என்று வீட்டில் பேசாத நாளில்லை.

சென்ற மாசியில் வேறொரு வயதான ஆசாரி வந்தார். அவர் இழைப்புளியை எடுக்கவே இல்லை. கதவைக் கீலிலிருந்து கழற்றித் தலைகீழாக நிறுத்தி, கீழ் விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். அங்கே பெயின்ட் இல்லை; பிரைமர்கூட இல்லை; வெறும் மரம். கதவுகளை மாட்டிய பிறகே பெயின்டர் வேலைக்கு வந்ததால், தூரிகை எட்டாத கீழ் விளிம்பை அப்படியே விட்டுவிட்டார். கதவின் நெடுஞ்சட்டங்களின் வெட்டுமுனை, அதாவது மரத்தின் நார் குறுக்கே அறுபட்ட முனை, அந்த விளிம்பில்தான் இருக்கிறது. மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிடப் பல மடங்கு வேகமாக வெட்டுமுனை வழியே நீரைக் குடிக்கும்; குடித்த மரம் நீளத்தில் ஏறக்குறைய மாறாமல், அகலத்தில்தான் விரியும். வடகிழக்குப் பருவமழையின் சாரல் நேராக விழுவது அந்த அறையில் என்பதால், மற்ற ஜன்னல்களிலும் இருந்த அதே குறை அங்கே மட்டும் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அவர் கதவை நிழலில் நன்றாகக் காயவிட்டு, இழைத்து இழைத்து நாங்கள் இழந்த அகலத்துக்கு ஈடாகச் சேரும் விளிம்பில் ஒரு தேக்குப் பட்டியை ஒட்டி, மேல் விளிம்பு, கீழ் விளிம்பு உட்பட ஆறு பக்கமும் பிரைமரும் எனாமலும் இரண்டிரண்டு கை அடித்து மாட்டினார். இந்த மழைக்காலம் முழுவதும் அந்தக் கதவு ஒரு விரல் தள்ளலில் மூடியது. மழையில் ஊதியிருக்கும்போது மரத்தை இழைக்கக் கூடாது என்பதை முந்தைய மூன்று முறையும் ஒருவரும் சொல்லவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே குற்றம் தேக்கினுடையது அன்று. நாலு கதவு ஜன்னல் தரும் சுகத்தையும் சொல்லியாக வேண்டும். கீழ் இரண்டையும் சாத்திவிட்டு மேல் இரண்டையும் திறந்து வைத்தால், தெருவில் போகிறவர் பார்வை உள்ளே விழாது. சித்திரை, வைகாசி மாலைகளில் தெற்கிலிருந்து வரும் காற்று தடையின்றி நுழையும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, குறுக்குக் கட்டை போட்டிருந்த இந்தக் கதவுகள் அசையவில்லை. அதன் பின் மின்சாரமில்லாமல் கழித்த பல இரவுகளில் நாங்கள் அனைவரும் கீழே படுத்ததற்கு அந்த மேல் கதவுகளே காரணம்.

மாடி யுபிவிசி ஊதவில்லை, கரையான் தொடவில்லை, பெயின்டும் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் சம்பா அறுவடை இயந்திரம் ஓடும் நாள்களில், கீழே ஒவ்வொரு தட்டிலும் தூசு படிய, மாடி அறை சுத்தமாக இருக்கும். ஆனால் எங்களுடையதைப் போன்ற இரு கதவு ஸ்லைடிங் ஜன்னல் எவ்வளவு அகலமானாலும் பாதிதான் திறக்கும். மீதிப் பாதியில் கண்ணாடிதான் நிற்கும். நீர் வெளியேற அடிச்சட்டத்தில் விட்டிருக்கும் துளைகளில் அறுவடைத் தூசு அடைத்துக்கொண்டிருந்ததால், கஜா இரவில் தண்ணீர் ஜன்னல் நகரும் தடத்தில் நிரம்பி அறைக்குள் வழிந்தது. இப்போது புரட்டாசி கடைசியில் ஈர்க்குச்சியால் அவற்றைக் குத்திவிடுகிறோம். பிறகு தொல்லை இல்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும், நண்பருக்கு யுபிவிசியைத்தான் பரிந்துரைத்தேன். அவர் கடல் கடந்து இருக்கிறார். எந்த விளிம்பில் பெயின்ட் படவில்லை என்று குனிந்து பார்க்க அங்கே அவருக்கு ஆள் இல்லை. எனக்கு மன்னார்குடியிலேயே இருந்தும் ஏழு ஆண்டுகள் பிடித்தன. ஸ்லைடிங் வேண்டாம், கீல் வைத்து முழுமையாகத் திறக்கும் வகையையே கேளுங்கள். சட்டத்துக்குள் துத்தநாகம் பூசிய இரும்பு வைத்திருக்கிறார்களா என்பதைப் பொருத்துவதற்கு முன்பே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். மரத்தின் மேல் இவ்வளவு பிரியம் வைத்துக்கொண்டு இதைச் சொல்வது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

கூடத்துத் தெற்கு ஜன்னல் ஒன்றை மட்டும் தேக்கில், நாலு கதவாக, போடச் சொல்லியிருக்கிறேன். கதவுகளை மாட்டுவதற்கு முன் ஆறு பக்கமும் பெயின்ட் அடிக்கும் நாளன்று, நானே நீடாமங்கலத்துக்குப் போய் நிற்பதாக அவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.