தோலை இழுக்காத ஃபேஸ்லிஃப்ட் எது? மூன்று முறைகள், ஓர் ஒப்பீடு

சர்க்கரை நோய் உறுதியான பிறகு இரண்டு ஆண்டுகளில் 19 கிலோ எடையைக் குறைத்தேன். மாத்திரையின் அளவு குறைந்தது, முழங்கால் வலி போயிற்று; ஆனால் கன்னத்துக் கொழுப்பு கரைந்த வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்கவில்லை. தாடையோரத்தில் இருபுறமும் சதை சிறு பைகளாகத் தொங்கியது, மோவாய்க்குக் கீழே கழுத்துத் தசை இரண்டு கயிறுகளைப் போலப் புடைத்து நின்றது. பார்க்கிறவர்கள் எல்லாம் "உடம்புக்கு என்ன, இப்படி வாடிப்போய்விட்டீர்களே" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். 57ஆம் வயதில், தொங்கும் முகத்தை அறுவையால் தூக்கி நிறுத்தும் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்வது என்று தீர்மானித்து, சென்னையில் மூன்று பிளாஸ்டிக் சர்ஜன்களைப் பார்த்தேன். மூவரும் வெவ்வேறு முறைகளைப் பரிந்துரைத்தார்கள். மூன்றாமவர் சொன்ன டீப் பிளேன் முறையைத் தேர்ந்தெடுத்தேன். அறுவை முடிந்து இப்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்காக, நான் எதை வைத்து முடிவெடுத்தேன் என்பதை எழுதுகிறேன்.

நூல் வைத்துத் தூக்கும் சிகிச்சையை ஒரு வரியில் கடந்துவிடலாம். கரையும் நூல்கள் காலப்போக்கில் உடலுக்குள் கரைந்துவிடுகின்றன. லேசான தளர்ச்சிக்கு அது கொஞ்ச காலம் உதவலாம், என்னைப் போல உபரித் தோல் தொங்குபவர்களுக்கு அதனால் பயன் இல்லை. லேசர், ஊசி, ஃபில்லர் முதலியவற்றையும் இங்கே எடுக்கவில்லை. கத்தி தொட வேண்டிய நிலைக்கு முகம் வந்துவிட்ட பிறகு எந்த முறை என்பதுதான் இங்கே கேள்வி.

முறைகளுக்கு இடையிலான வேறுபாடு புரிய வேண்டுமானால் முகத்தின் அடுக்குகளைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தோல், அதன் கீழே கொழுப்பு, அதன் கீழே தசையும் நாரும் கலந்த ஒரு படலம். இந்தப் படலத்தை மருத்துவர்கள் ஸ்மாஸ் என்கிறார்கள். கழுத்தில் இருக்கும் பிளாடிஸ்மா தசையின் தொடர்ச்சி இது. முகத்தை அசைக்கும் நரம்பின் கிளைகள் பெரும்பாலும் இந்தப் படலத்துக்கும் கீழே ஓடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஃபேஸ்லிஃப்ட் தொடங்கியபோது காதோரம் வெட்டித் தோலை மட்டும் இழுத்துத் தைத்தார்கள். தோல் நெகிழக்கூடியது என்பதால் சில மாதங்களில் அது மறுபடி தளர்ந்தது. இழுத்துத் தைத்த விசை முழுவதும் தழும்பில் இறங்கியதால் தழும்பு அகன்றது. சுவீடனின் சர்ஜன் ஸ்கூக் 1974இல் தோலையும் அதன் கீழ்ப் படலத்தையும் சேர்த்துத் தூக்கும் முறையை விவரித்தார். 1976இல் பாரீஸைச் சேர்ந்த மிட்ஸ், பெய்ரோனி இருவரும் அந்தப் படலத்துக்கு ஸ்மாஸ் என்று பெயரிட்டு அதன் அமைப்பை விளக்கினார்கள். அதற்குப் பின் வந்த முறைகளையெல்லாம் இந்தப் படலத்தை என்ன செய்கின்றன என்பதை வைத்துத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் மருத்துவர் சொன்னது சிறு தழும்பு முறை. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் டோனார்ட், வெர்பேலே என்ற இரு சர்ஜன்கள் 2000களின் தொடக்கத்தில் வடிவமைத்த மாக்ஸ் லிஃப்ட் இந்த வகையைச் சேர்ந்தது. வெட்டு காதின் முன்பக்கத்தோடு, மடலின் அடியில் நின்றுவிடும். உள்ளே ஸ்மாஸ் படலத்தில் வட்டமாகத் தையல் ஓட்டி, சுருக்குப்பையின் வாயைச் சுருக்குவது போல இறுக்கி, அந்தத் தையலைக் கண்ணுக்கும் காதுக்கும் இடையே இருக்கும் பொட்டுப் பகுதியில் உள்ள உறுதியான நாரில் கட்டிவிடுகிறார்கள். அறுவை நேரம் குறைவு, பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியும் லேசான மயக்கமும் போதும், காதுக்குப் பின்னால் தழும்பே இல்லை. நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும், கழுத்து இன்னும் கெடாத ஒருவருக்கு இது நல்ல முறை என்றே கருதுகிறேன். எனக்குக் கழுத்துதான் பாதிப் பிரச்சினை. காதுக்குப் பின்னால் வெட்டு இல்லாதபோது கழுத்தின் உபரித் தோலை எடுத்துப் போக வழி இல்லை.

இரண்டாமவர் சொன்னது ஸ்மாஸ் பிளிகேஷன். அளவுக்குப் பெரிதாக இருக்கும் ரவிக்கையை உள்ளே பிடித்துத் தைப்பார்களே, அதைப் போல இதில் தோலைக் கன்னம் வரை தனியாகப் பிரித்துத் தூக்கி, கீழே இருக்கும் படலத்தை வெட்டாமல் மடித்துத் தைத்து இறுக்குகிறார்கள். பிறகு தோலைத் தளர்வாகப் படியவைத்து உபரியை நீக்குகிறார்கள். நரம்புக் கிளைகள் இருக்கும் ஆழத்துக்குக் கத்தி போவதில்லை என்பது இதன் பெரிய பலம். இன்று ஏராளமான சர்ஜன்களின் கைக்கு நன்றாகப் பழகிய முறையும் இதுதான். மூன்றாவது மருத்துவரைப் பார்த்திராவிட்டால் நான் இதைத்தான் செய்துகொண்டிருப்பேன்.

டீப் பிளேன் முறையை 1990இல் விவரித்தவர் அமெரிக்காவின் டாலஸ் நகரைச் சேர்ந்த சர்ஜன் ஹம்ரா. கண்ணின் வெளிமுனையிலிருந்து தாடையின் கோணம் வரை ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். காதிலிருந்து அந்தக் கோடு வரைதான் தோல் தனியாகப் பிரிக்கப்படுகிறது. கோட்டைத் தொட்டதும் கத்தி ஸ்மாஸுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அங்கிருந்து மூக்கோர மடிப்பின் பக்கம் வரை தோலும் கொழுப்பும் படலமும் பிரியாமல் ஒரே கனத்த ஏடாக எழும்பி வருகின்றன. முகத்தை எலும்போடும் ஆழ்ந்த தசைகளோடும் இழுத்துக் கட்டியிருக்கும் தாங்கு நார்களையும் அப்போது விடுவித்துவிடுகிறார்கள். அந்த நார்கள் விடுபட்ட பிறகு முகம் தானாகவே மேலே நகரத் தயாராகிவிடுகிறது. அதைப் பலங்கொண்டு இழுக்க வேண்டியதில்லை. அந்த ஏட்டை மேல்நோக்கி நகர்த்தி, படலத்தைப் படலத்தோடு தைத்து நிறுத்துகிறார்கள். மேலே தோலின் இரு விளிம்புகளும் இழுவையே இல்லாமல், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் தைக்கப்படுகின்றன.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கடைசி வாக்கியம்தான். எந்த முறை எத்தனை ஆண்டு நிற்கும் என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நானோ தழும்பைப் பற்றிக் கவலைப்பட்டேன், காரணம் என் குடும்பத்துக் காதுகள். என் பாட்டி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பாம்படம் போட்டு வளர்ந்த அவருடைய காது மடல் தோளைத் தொடும். மெல்லிய தோலில் ஓயாமல் தொங்கும் ஒரு கனம் அதை எவ்வளவு தூரம் நீட்டிவிடும் என்பதைப் பிள்ளைப் பருவத்திலிருந்து பார்த்தவள் நான். அம்மாவுக்கு மேல்காதில் குத்திய இடத்தில் மிளகு அளவுக்குத் தழும்பு தடித்துக் கட்டியாகிவிட்டது; எனக்கும் அதே இடத்தில் ஒன்று உண்டு. நம் நிறத்துத் தோலில் தழும்பு தடிப்பதும், கறுத்துப்போவதும் வெள்ளைத் தோலில் இருப்பதைவிட அதிகம். விசை அதிகமாக இருக்கும் தழும்பே அதிகமாகத் தடிக்கும். போதாக்குறைக்கு நாம் தலைமுடியை இழுத்துப் பின்னி, கொண்டை போட்டு, பூ வைத்துக்கொள்பவர்கள். காதோரத்தை முடியால் மறைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் நடமாட முடியாது. நம் ஊரில் இருவர் நின்று பேசும்போது பார்வை முதலில் போவதே காதில் தொங்கும் தோட்டுக்கும் ஜிமிக்கிக்கும்தான்.

என் நெருங்கிய தோழி சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் சிறு தழும்பு முறையில் செய்துகொண்டார். தாடையோரம் நன்றாகவே தூக்கி நின்றது. ஆனால் தொங்க வேண்டிய காது மடல் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டு, கீழ்நோக்கி இழுத்துத் தைத்ததைப் போல நீண்டுவிட்டது. இதற்கு மருத்துவத்தில் பிக்ஸி இயர் என்று பெயர். கன்னத் தோலின் பாரத்தை மடல் சுமக்கும்படி தைத்தால் வருவது அது. அவர் தோடு போட்டால் தோடு நேராக நிற்காமல் முன்பக்கம் சாய்ந்துவிடுகிறது. அந்தத் தவறு மாக்ஸ் முறையின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. எந்த முறையிலும் தோலை இழுத்துத் தைத்தால் அது நேரும். ஆனாலும் அந்தத் தோட்டைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு மருத்துவரிடமும் நான் கேட்ட முதல் கேள்வி "பாரத்தை எந்தப் பாகம் தாங்கும்?" என்பதாகிவிட்டது. மூன்றாமவர் தாளில் ஒரு காதை வரைந்து, மடலின் அடியில் தோல் கொஞ்சம் தொய்வாகவே இருக்கும்படி வெட்டுவேன் என்று காட்டினார். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு குருத்தெலும்பின் உள்விளிம்பில் வெட்டை மறைக்கலாம், ஆனால் தோல் இழுபட்டால் அந்தக் குருத்தெலும்பு முன்னால் திரும்பிக் காதுத் துளை பளிச்சென்று தெரியும், ஆகவே அங்கேயும் இழுவை கூடாது என்றார். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

நல்ல கையில் பிளிகேஷனும் பாரத்தைப் படலத்திடம்தான் கொடுக்கிறது. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அதில் இருந்த தயக்கம் வேறு. அதில் தோல் பெரும்பரப்பில் மெல்லிய ஏடாகப் பிரிக்கப்படுகிறது, அந்த ஏட்டுக்குத் தன் அடியிலேயே இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள்தான் ஆதாரம். சர்க்கரை முதலில் கெடுப்பது அந்த நுண்குழாய்களை. புகைப்பிடிப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. டீப் பிளேனில் எழும்பும் ஏடு கனமானது, ரத்த ஓட்டம் கூடுதலானது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு ஏழுக்குக் கீழே வந்த பிறகுதான் அறுவைத் தேதியையே கொடுத்தார்கள், அதன் பிறகும் இந்த ஒரு பாதுகாப்பு எனக்குப் பெரிதாகத் தோன்றியது. சர்க்கரை இல்லாத, தழும்பு தடிக்காத உடல்வாகு உள்ள ஒருவருக்கு இந்த வாதத்தின் எடை வெகுவாகக் குறைந்துவிடும்.

நீடிக்கும் காலத்தை வைத்து டீப் பிளேனைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். 1990களின் நடுவில் அமெரிக்காவில் உருவம் ஒத்த இரு இரட்டையர் ஜோடிகளுக்கு நான்கு சர்ஜன்கள் தத்தம் முறையில் ஃபேஸ்லிஃப்ட் செய்தார்கள். அந்த நால்வரில் ஹம்ராவும் ஒருவர். பத்தாண்டுகள் கழித்து எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரு முறைதான் மேல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான்கே பேரை வைத்துச் செய்த சிறு ஒப்பீடு அது என்றாலும், "இது பதினைந்து வருடம் தாங்கும்" என்ற பேச்சுக்கு முன்னால் அதை நினைத்துக்கொள்வது நல்லது. என் முகத்துக்குப் பதினான்கு மாதமே அனுபவம்; அதற்கு மேல் நான் சாட்சி சொல்ல முடியாது.

டீப் பிளேனுக்கு நான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். முழு மயக்கத்தில் ஐந்து மணி நேரம் ஆயிற்று. முதல் இரவு முழுவதும் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எந்த வகை ஃபேஸ்லிஃப்டிலும் அதிகம் நேரும் சிக்கல் தோலுக்கடியில் ரத்தம் கட்டுவது, அது பெரும்பாலும் முதல் நாளிலேயே வரும், அழுத்தம் ஏறினால் வாய்ப்பு கூடும். வீக்கம் வடிய இரண்டு மாதம் பிடித்தது. பிளிகேஷனில் இதைவிடச் சீக்கிரம் வடியும் என்று இரண்டாம் மருத்துவர் சொல்லியிருந்தார். கத்தி நரம்புகளுக்கு அருகே போகும் முறை என்பதன் பொருளையும் உணர்ந்தேன்: இடதுபக்கக் கீழுதடு ஐந்து வாரங்களுக்குச் சரியாக இறங்கவில்லை, சிரித்தால் வாய் கோணியது. தற்காலிகம்தான் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார், அப்படியே சரியாயிற்று; ஆயினும் அந்த ஐந்து வாரமும் கண்ணாடிக்கு முன்னால் நின்று உதட்டை அசைத்துப் பார்த்த பயத்தை இன்னும் மறக்கவில்லை. காது மடல் இரண்டும் ஏழெட்டு மாதம் மரத்துக் கிடந்தன. மடலுக்கு உணர்வு தரும் நரம்பு கழுத்தோரமாக ஏறி வருவது, எல்லா முறைகளிலும் அது தொந்தரவுக்கு உள்ளாகலாம். தோட்டின் திருகாணி இறுகியதா என்பதை மடலால் உணர முடியாமல், விரல் நுனியால் தடவிப் பார்த்து முடுக்கிக்கொண்டேன். தலை குளித்துச் சூடான காற்றில் முடியை உலர்த்துகிறவர்கள் இந்த மாதங்களில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும், சுட்டாலும் தெரியாது.

செலவில் டீப் பிளேன்தான் அதிகம், மயக்க மருத்துவரின் நேரமும் அறுவை அரங்கின் நேரமும் கூடுவதே காரணம். அழகுக்கான அறுவை என்பதால் காப்பீடு கிடையாது, மருத்துவச் சேவைக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் கிடையாது. சொல்லும் தொகையில் வரி சேர்ந்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டிஎன்பி பட்டம் பெற்றவரா என்பதையும், நீங்கள் கேட்கும் அந்தக் குறிப்பிட்ட முறையை அவர் வழக்கமாகச் செய்கிறாரா என்பதையும் பாருங்கள். பிளிகேஷனில் கை தேர்ந்த ஒருவரை வற்புறுத்தி டீப் பிளேன் செய்யச் சொல்வதைவிட, அவரிடம் பிளிகேஷனே செய்துகொள்வது மேல்.

காதுக்கு முன்னால் உள்ள தழும்பு இப்போது வெள்ளிக் கோடு போல மெலிந்துவிட்டது. மூன்று மாதம் சிலிகோன் ஜெல் தடவினேன், வெயிலில் குடையில்லாமல் போகவில்லை. மடல் இயல்பாகத் தொங்குகிறது, ஜிமிக்கி நேராக ஆடுகிறது. இடது காதுக்குப் பின்னால், முடி தொடங்கும் இடத்தில் மட்டும் ஒன்றரை அங்குல நீளத்துக்குத் தழும்பு தடித்து அரித்தது. கழுத்துத் தோலை அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இழுத்தே தைக்க வேண்டியிருந்தது என்று மருத்துவர் சொன்னார். அதில் ஸ்டீராய்டு ஊசி இரண்டு முறை போட்டாயிற்று, தடிப்பு பாதியாகத் தணிந்திருக்கிறது. மூன்றாவது ஊசி அடுத்த மாதம்.