கிணற்றில் நைத்திரேற்று: மழைநீர்த் தாங்கியா, ஆர்.ஓ. இயந்திரமா?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கிணற்றை நம்பியிருக்கும் பல வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் எங்கள் வீட்டிலும் நடந்தது. குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர்? பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் மாமா ஆர்.ஓ. இயந்திரம் பூட்டினார், அதாவது கிணற்றுத் தண்ணீரை அழுத்தி ஒரு மென்சவ்வுக்கூடாகத் தள்ளி உப்புகளைப் பிரிக்கும் இயந்திரம். நாங்கள் மழைநீர்த் தாங்கி கட்டினோம். இரண்டு வீட்டுத் தண்ணீரையும் குடித்துப் பழகிய பிறகுதான் இதை எழுதுகிறேன். என் சாய்வு தாங்கிப் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கிணற்றில் என்ன பிரச்சினை என்று பார்ப்போம். சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. எண்ணெய் என்றால் மணக்கும், வாளியில் படலமாக மிதக்கும், ஊரே கூடிப் போராடும். நைத்திரேற்று என்னும் நைதரசன் உப்பு அப்படியில்லை. நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் பிடிபடாது.

வருவது இரண்டு வழியால். ஒன்று தோட்டம், மற்றது மலக்குழி. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறித் தண்ணீருக்குள் இறங்கினால் சுமார் 100 கிலோ வரும். 20 இலட்சம் லீற்றர் சுத்தமான தண்ணீரைக் குடிநீர் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்த அது போதும். பயிர் ஒரு பங்கை எடுத்துவிடும், உண்மைதான். ஆனால் ஒரு போகத்துக்கு எத்தனை தடவை பசளை போடுகிறோம், எத்தனை தடவை இறைக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். மேலே கொஞ்சச் செம்மண், கீழே வெடிப்பும் பொந்துமான சுண்ணக்கல். இறங்கும் தண்ணீர் வடிபட இடமே இல்லை. போட்டது அடுத்த மாரியோடு கிணற்றுக்கு வந்துவிடும்.

குடிநீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு மேலே போனால் முதலில் ஆபத்து, போத்தல் பால் குடிக்கும் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோகும் வலுவை இழந்து உடம்பு நீலம் பாயும். தங்கை கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்திருந்ததால்தான் நாங்கள் இந்த விஷயத்தைத் தள்ளிப்போடாமல் இறங்கினோம்.

அம்மாவின் கேள்வி: "கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம், பிறகென்ன?" கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று உயிரல்ல, உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போக அது அப்படியே மிஞ்சும், மிஞ்சிய தண்ணீரில் செறிவு கூடும். சுகாதாரப் பரிசோதகர் கிணற்றுக்குப் போடுவிக்கும் குளோரினும் கிருமிக்கு மட்டும்தான். சாதாரண மெழுகுதிரி வடிகட்டியும் இதில் ஒன்றும் செய்யாது.

கடையில் வாங்கும் பெரிய போத்தல் அவசரத்துக்கு நல்லது. மாதாமாதம் காசு போய்க்கொண்டே இருக்கும், சோறு கறிக்கும் அதையே ஊற்ற யாருக்கும் மனம் வராது. அதை இத்தோடு விடுகிறேன்.

இனி ஆர்.ஓ. இயந்திரம். அது நைத்திரேற்றை எடுக்கும், இதில் சந்தேகமில்லை. மென்சவ்வு புதிதாக இருக்கையில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். இடம் பிடிக்காது, மழைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, ஒரே நாளில் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லீற்றர் கழிவாகப் போவது மனதை உறுத்தும். அதில் நைத்திரேற்று இன்னும் செறிவாக இருக்கும், அது மறுபடி நிலத்துக்குள்தான் இறங்கும். மாமா அதைத் தென்னைக்கு விடுகிறார். அதுவும் ஒரு வழிதான்.

எனக்கு முடிவைத் தந்தது பராமரிப்பு. எங்கள் தண்ணீரின் வன்மையை எல்லோருக்கும் தெரியும். கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளைப் படிவம் தடித்திருக்கும். அதே சுண்ணாம்புதான் மென்சவ்விலும் படியும். இரண்டு மூன்று வருடம் என்று சொல்லி விற்கும் மென்சவ்வு இங்கே முன்னதாகவே தளரலாம். தளரும்போது எது முதலில் தப்பி வரும் என்பதுதான் கேள்வி. கல்சியத்தையும் சல்பேற்றையும் மென்சவ்வு இறுக்கிப் பிடிக்கும். நைத்திரேற்றை அவ்வளவு பிடிக்காது. திருத்த வருபவர் பேனை மாதிரி ஒரு மீற்றரைத் தண்ணீரில் வைத்து இலக்கத்தைக் காட்டுவார். அது கரைந்த உப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து அளப்பது. இலக்கம் குறைவாக இருப்பதாலேயே நைத்திரேற்று குறைவு என்று ஆகாது. இயந்திரம் ஓடும், தண்ணீர் தெளிவாக வரும், ருசியும் மாறாது. பழுதானது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தாங்கியின் பழுது வேறு மாதிரி. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் போவதே இல்லை, அதனால் பசளையும் மலக்குழியும் அதைத் தொடுவதில்லை. கூரையில் இருந்து வரக்கூடியது காக்கை எச்சம், சருகு, தூசி. அதாவது கிருமி. கிருமி என்றால் கொதித்தாறிய தண்ணீரோடு முடிந்துவிடும். அம்மாவின் பழக்கம் கிணற்றுத் தண்ணீருக்கு உதவவில்லை, தாங்கித் தண்ணீருக்கு முழுதாக உதவுகிறது. ஆர்.ஓ. பிழைத்தால் வருவதைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது. தாங்கி பிழைத்தால் வருவதைப் போக்கலாம். என் முடிவு இதன்மேல்தான் நிற்கிறது.

தண்ணீர் போதுமா என்று கேட்பார்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1200 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது, அதில் பெரும்பங்கு ஒக்ரோபரிலிருந்து டிசம்பர் வரை. 50 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் ஐந்தில் ஒரு பங்கு வீணாய்ப் போனாலும் 48,000 லீற்றர். ஐந்து பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்று வைத்தால், மழை குறைந்த ஒன்பது மாதத்துக்கு 6,750 லீற்றர் தேவை. 8,000 லீற்றர் தாங்கி தாராளம். குளிக்க, தோய்க்க, மரத்துக்கு விட எல்லாம் வழமைபோலக் கிணறுதான்.

கவனமாகச் செய்யவேண்டியது முதல் மழையை விலக்குவது. பீலியில் இருந்து இறங்கும் குழாயில், தாங்கிக்குப் போகும் கிளைக்குக் கீழே, அடி மூடிய நாலு இஞ்சிப் பைப் ஒன்றைச் செங்குத்தாக விடவேண்டும். பத்தடி நீளத்துக்கு ஏறத்தாழ 25 லீற்றர் பிடிக்கும். கூரையைக் கழுவி வரும் தண்ணீர் அதற்குள் நிறையும், பிறகு வருவதுதான் தாங்கிக்குத் திரும்பும். மாரியின் முதல் மழைக்குப் பிறகு அந்த மூடியைத் திறந்தால் கடுந்தேயிலைச் சாயம்போல ஊற்றும், அடியில் பாசியும் ஓட்டுத் தூளும் கிடக்கும். அதற்கு முன்னரே, புரட்டாதியில், பீலியைக் கூட்டி, கூரைக்கு மேலே சாய்ந்த வேப்பங்கிளையை வெட்டிவிட வேண்டும். வாயிலும் மிகைநீர்க் குழாயிலும் நுளம்பு போகாத நெற் அடிக்கவேண்டும். டெங்கு கூடுவதும் அதே மாரியில்தான் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

செலவில் தாங்கி முதலில் கூடத்தான் வரும். நல்ல மேசன் கட்டாவிட்டால் வெடிக்கும். புதுச் சீமெந்து என்பதால் ஒருமுறை நிரப்பி ஊறவிட்டு வெளியேற்றவும் வேண்டும். ருசி சப்பென்று இருக்கிறது என்று அப்பா முதலில் முகம் சுளித்தார். பருப்பு சீக்கிரம் அவிகிறது, தேநீரில் ஆடை படிவதில்லை என்று கண்டபின் பேச்சில்லை.

எனக்கு அனுபவம் குறைந்த இடங்களும் உண்டு. நைத்திரேற்றைப் பிடிக்கும் பிசின் வடிகட்டியை நான் பாவித்ததில்லை. தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் நன்னீராக்கும் நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு உடையது. எங்கள் ஒழுங்கைக்குக் குழாய் வராததால் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை. தொடர்ந்து இரண்டு மாரி பொய்த்தால் எங்கள் தாங்கி எப்படித் தாங்கும் என்பதையும் இன்னும் பார்க்கவில்லை.

அஸ்பெஸ்ரஸ் கூரை உள்ளவர்களும், தாங்கிக்குக் காணி இல்லாதவர்களும் ஆர்.ஓ. பூட்டத்தான் வேண்டும். பூட்டினால் மீற்றரை மட்டும் நம்பாதீர்கள். வெளிவரும் தண்ணீரில் நைத்திரேற்றையே அளக்கக் கொடுங்கள், மாரி முடிந்த கையோடு ஒருமுறை, கோடையில் ஒருமுறை. அறிக்கை வந்ததும் அலகைப் பாருங்கள். நைத்திரேற்று என்று இருந்தால் எல்லை 50. நைத்திரேற்று-நைதரசன் என்று இருந்தால் எல்லை சுமார் 11தான். அந்த இலக்கத்தை 4.4ஆல் பெருக்கினால் மற்ற இலக்கம் வரும். 20 என்று பார்த்து ஆறுதல் அடைந்த வீட்டில் உண்மையில் 88 இருக்கலாம்.