லோக் லோமண்ட் சிங்கிள் கிரெய்ன்: முழுக்க முளைகட்டிய பார்லி, ஆனால் 'மால்ட் விஸ்கி' இல்லை

சிங்கிள் கிரெய்ன் விஸ்கி என்றால் ஒரே தானியம் என்று நினைத்துவிட வேண்டாம். 'சிங்கிள்' என்பது ஒரே வடிசாலையைக் குறிக்கும். ஸ்காட்லாந்தில் கிரெய்ன் விஸ்கி பெரும்பாலும் கோதுமையிலோ மக்காச்சோளத்திலோதான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கக் கொஞ்சம் முளைகட்டிய பார்லி, அதாவது மால்ட், சேர்ப்பார்கள். லோக் லோமண்ட் வடிசாலை இந்த பாட்டிலுக்கு முளைகட்டிய பார்லி மட்டுமே போடுகிறது. அப்படியும் லேபிளில் 'மால்ட் விஸ்கி' என்று போட முடியாது. வடிப்பது செம்புப் பானை வாலையில் அல்ல, 1830-ல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற வகைத் தொடர் வாலையில் (நிறுத்தாமல் வடித்துக்கொண்டே இருக்கும் உயரமான வடிகலன்). 2009-ன் ஸ்காட்ச் விதிகளின்படி அது கிரெய்ன் கணக்கு.

தொடர் வாலையில் வரும் சரக்கு வலு அதிகம், கனம் குறைவு. அதனால் பாதிக்கு மேல் ருசியைத் தருவது பீப்பாய்தான். கிரெய்னில் நல்லதும் கெட்டதும் அங்கேதான் தொடங்குகிறது. போர்பன் (அமெரிக்க விஸ்கி) இருந்த 200 லிட்டர் ஓக் பீப்பாயை முதல் முறை நிரப்பினால் வெனிலா, தேங்காய் வாசம் ஏறும். பலமுறை நிரப்பிச் சத்துப்போன பீப்பாயில் பல வருடம் கிடந்தாலும் நெயில் பாலிஷ் நெடி போகாது. புது ஓக்கில் அதிக நாள் விட்டால் கசப்புதான் மிஞ்சும். எதிர்த்து நிற்க கிரெய்னிடம் கனம் இல்லை. சட்டப்படி 3 வருடம் போதும், ஆனால் நல்ல பீப்பாய் அமைந்தால் 30 வருடக் கிரெய்ன் தனி ரகம்.

லோக் லோமண்ட் பாட்டிலில் வயது போடவில்லை. ஆல்கஹால் 46%, குளிர்வடிகட்டல் (குளிரவைத்துக் கலங்கல் தரும் பொருட்களை வடிகட்டுவது) கிடையாது. முகர்ந்தால் எலுமிச்சை, அன்னாசி, பின்னால் வெனிலா. நாக்கில் பார்லியின் லேசான பிஸ்கட் ருசி; கோதுமைக் கிரெய்னில் இது அரிது. குறை என்றால், விழுங்கியதும் ருசி சட்டென்று மறைந்துவிடுகிறது, இளம் சரக்கின் காரமும் கொஞ்சம் தெரிகிறது.

ராவாக ஒரு வாய் பார்த்துவிட்டு, 30 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் விடுங்கள். வலு 39 சதவீதத்துக்கு இறங்கும், காரம் அடங்கி அன்னாசி மேலே வரும். ஐஸ் போட்டால் கலங்கலாம். கெட்டுப்போகவில்லை, வடிகட்டாமல் விட்ட கொழுப்பு அமில எஸ்டர்கள்தான் கலங்கலுக்குக் காரணம். ஆனால் ஐஸில் வாசம் செத்துவிடும், அதற்கு சோடாவே மேல்: ஒரு பங்குக்கு மூன்று பங்கு, ஒரு கீற்று எலுமிச்சைத் தோல். கோலா ஊற்றுவதாக இருந்தால் இதைவிட மலிவான பிளெண்டே (கலப்பு விஸ்கி) போதும்.