விர்ச்சுவல் அஸ்ஸே: மருந்தின் இதய ஆபத்தைக் கணினியில் காட்டும் மென்பொருள்

ஒரு மருந்து மனித இதயத் துடிப்பைக் குலைக்குமா என்பதை, விலங்குச் சோதனைக்குப் போகாமலே முன்கூட்டிக் கணிக்க ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிளாங்கா ரோட்ரிகஸ் குழுவினர் உருவாக்கிய மென்பொருள் விர்ச்சுவல் அஸ்ஸே. நிரல் எழுதத் தெரியாதவரும் இதைக் கையாளலாம். இதயச் செல்லுக்குள்ளும் வெளியேயும் அயனிகள் சென்றுவரும் சோடியம், கால்சியம், பொட்டாசியம் வழிகள் ஒவ்வொன்றையும் மருந்து பாதியளவு அடைக்கும் செறிவு என்ன என்ற எண்களைக் கொடுத்தால், மனித இதயக் கீழறைச் செல்லின் மின்துடிப்பு எப்படி மாறும் என்பதை அது கணக்கிட்டு வரைகிறது.

நான் முதலில் டோஃபெட்டிலைடு, வெராபமில் என்ற இரண்டு இதய மருந்துகளையும் அடுத்தடுத்து ஓட்டினேன். இரண்டுமே ஹெர்க் எனப்படும் பொட்டாசியம் வழியை அடைப்பவை. ஆனால், உயிரைப் பறிக்கக்கூடிய டோர்சாட் துடிப்புக் கோளாறுக்குப் பெயர் போனது டோஃபெட்டிலைடுதான். அதன் செறிவைக் கூட்டக் கூட்ட, திரையில் கற்றையாக இறங்கிவந்த மின்துடிப்புக் கோடுகளில் சில பாதியில் தயங்கி மறுபடியும் மேலேறின; துடிப்புக் கோளாறுக்கான எச்சரிக்கை அதுதான். வெராபமிலில் அந்த எழுச்சி இல்லை, ஏனெனில் அது கால்சியம் வழியையும் சேர்த்து அடைக்கிறது. ஹெர்க் ஒன்றை மட்டும் அளந்து மருந்தை ஒதுக்குவது ஏன் தவறு என்பதை வகுப்பில் பல மணி நேரம் சொல்வதைவிட இந்த இரண்டு படங்கள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன.

கோடுகள் கற்றையாக வருவதே இதன் பெரும்பலம். எல்லோருக்கும் ஒரே செல் என்று கொள்ளாமல், அயனி வழிகளின் வலு ஆளுக்கு ஆள் வேறுபடுவதைப்போல மாற்றியமைத்த மாதிரிகளின் கூட்டத்தையே இது ஓட்டுகிறது. 2017இல் அக்குழு வெளியிட்ட ஆய்வில், 62 மருந்துகளை 1,213 மாதிரிகளில் சோதித்து, துடிப்புக் கோளாறு அபாயத்தை 89 விழுக்காடு துல்லியத்துடன் கணித்திருந்தனர்.

ஆனால் ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1998இல் திரும்பப் பெறப்பட்ட டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரையைக் கல்லீரல் வேகமாக வேறு பொருளாக மாற்றிவிடும்; கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தை உடன் சாப்பிட்டவர்களுக்கு அந்த மாற்றம் தடைப்பட்டு, மருந்து இரத்தத்தில் தேங்கி, ஹெர்க்கை அடைத்தது. வழக்கமான இரத்தச் செறிவை மட்டும் உள்ளிட்டால் இந்த ஆபத்தை மென்பொருள் அறிய வழியே இல்லை. அந்த ஆய்வில் செய்ததைப்போல, செறிவை 100 மடங்கு வரை ஏற்றி ஓட்டிப் பார்ப்பதே சரி. அடைப்புச் செறிவும் ஆய்வகத்துக்கு ஆய்வகம், சோதனை நடந்த வெப்பநிலைக்கு ஏற்ப மாறும் என்பதால், எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் நான் எதையும் உள்ளிடுவதில்லை.